நாயின் நன்றி யாருடையது?

ஒரு விலங்கைப் பழக்குவது வேறு, ஓர் இனத்தையே வீட்டு விலங்காக்குவது வேறு. பழக்கம் அந்த ஒரு விலங்கின் ஆயுளோடு முடிகிறது. அதன் குட்டியிடம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வீட்டு விலங்கிடம் மாற்றம் பிறவியிலேயே வந்துவிடுகிறது. எது எதோடு சேர்வது, எந்தக் குட்டி பிழைப்பது என்பதை மனிதனும் அவன் குடியிருப்பும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தீர்மானித்துவந்ததன் விளைவு அது.

மேட்டுப்பாளையத்திலிருந்து தேக்கம்பட்டி வனபத்ரகாளியம்மன் கோயிலுக்குப் போகும் சாலையில் இந்த வேறுபாட்டைக் கண்ணாலேயே பார்க்கலாம். சமயபுரம் பக்கம் ஊரை ஒட்டி வந்து சாலையைக் கடந்து போகும் கொம்பன் யானைக்கு ஊரார் வைத்த பெயர் பாகுபலி. ஆட்களைக் கண்டு அது அவ்வளவாக மிரள்வதில்லை. ஒதுங்கி நின்றால் தன்பாட்டில் போய்விடும். 2021இல் அதற்கு ரேடியோ காலர் மாட்ட வனத்துறை கும்கிகளைக் கொண்டுவந்தும் காரியம் ஆகவில்லை. மனித நடமாட்டம் அதற்குப் பழகிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். சற்றுத் தள்ளி, பவானி ஆற்றங்கரையில், கோயில் யானைகளுக்கான புத்துணர்வு முகாம் நடந்துவந்தது. 2003இல் முதுமலையில் தொடங்கிய இந்த முகாம் 2012இல் தேக்கம்பட்டிக்கு வந்தது. முகாமுக்கு வந்த யானைகள் பாகன் சொல்லுக்கு மண்டியிட்டன, துதிக்கை உயர்த்தின. ஆனால் யானைகளை யாரும் குணம் பார்த்து இணைசேர்த்துத் தலைமுறை கணக்கில் வளர்த்ததில்லை. காட்டில் பிடிபட்டவையும் பிடிபட்டவற்றின் வயிற்றில் பிறந்தவையுமே பெரும்பாலும் கோயிலுக்கு வருகின்றன. பிறவியில் அவற்றுக்கும் பாகுபலிக்கும் பேதமில்லை.

மூன்றாவது வகை, கோயிலைச் சுற்றிக் கிடாவிருந்து நடக்கும் இடங்களில் காத்திருக்கும் நாய்கள். பந்திக்கு நாலைந்து அடி தள்ளி உட்கார்ந்திருக்கும் நாய் இலையைப் பார்ப்பதைவிடச் சாப்பிடுகிறவர் முகத்தைத்தான் அதிகம் பார்க்கும். அவர் கை எலும்பைத் தொட்டதும் வால் அசையும். அதட்டினால் காது மடியும், ஆனால் பார்வை முகத்தை விட்டு நகராது. யாரும் இதை அதற்குச் சொல்லித்தரவில்லை.

இங்கேதான் தத்துவக் கேள்வி எழுகிறது. நாயின் நன்றியும் விசுவாசமும் மனிதன் தன் தேவைக்காகத் தேர்ந்தெடுத்து உருவாக்கியவை என்றால், அவற்றை நாயின் குணம் என்று சொல்ல முடியுமா? அதற்காக நாயைப் புகழ முடியுமா? அப்படி உருவாக்கியவனுக்குக் கடமை ஏதும் உண்டா?

தமிழ் மரபு முதலிரண்டு கேள்விகளுக்கும் தயங்காமல் ஆம் என்றது. சமண முனிவர்கள் இயற்றியதாகக் கருதப்படும் நாலடியார், நட்பைப் பற்றிப் பேசுமிடத்தில் யானையையும் நாயையும் எதிரெதிரே நிறுத்துகிறது. யானை பழகிய பாகனையே கொன்றுவிடும், நாயோ தன்மேல் வேல் எறிந்தவனிடமும் வாலாட்டும், ஆகவே நாயைப் போன்றவர்களோடு நட்புக் கொள்க என்பது அதன் கருத்து. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. தொறு எனப்படும் கால்நடைக் கூட்டத்தை மீட்கும் பூசலில் இறந்த வீரனோடு அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதைச் சொல்லி, கோவிவன் என்ற அதன் பெயரையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாய்க்குப் பெயரோடு வீரமரியாதை கிடைத்தது சாதாரண விஷயமல்ல. தொல்காப்பியம் ஆறாவது அறிவான மனத்தை மக்களுக்கு உரியதாக்கினாலும், விலங்கிலும் ஒரு சாராருக்கு அது உண்டு என்று இடம் விடுகிறது. உரைகாரர்கள் கிளி, குரங்கு, யானை போன்றவற்றை உதாரணம் காட்டினார்கள். நாய் அந்தப் பட்டியலில் வெளிப்படையாக இல்லை. மனம் இருப்பதாக ஒப்புக்கொண்ட யானையின் நட்பைத் தள்ளி, அந்தச் சான்றிதழ் கிடைக்காத நாயின் நட்பைக் கொள்ளச் சொன்ன மரபு இது.

நாலடியார் கண்ட வேற்றுமைக்கு உயிரியல் இன்று சொல்லும் காரணம் வரலாறுதான். நாயின் முன்னோரான ஓநாய்கள் மனிதனை அண்டியது குறைந்தது பதினாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு. ஜெர்மனியின் பான்-ஓபர்காசலில் மனிதரோடு புதைக்கப்பட்ட நாய்க்கு வயது ஏறக்குறைய 14,200 ஆண்டுகள். காஷ்மீரின் புர்சஹோமில் புதிய கற்கால மக்களும் நாயைத் தம்மோடு புதைத்துக்கொண்டார்கள். இந்த நெடுங்காலத்தில் மாறியது உடல் மட்டுமல்ல. 2002இல் பிரையன் ஹேரும் அவர் குழுவினரும் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார்கள். இரண்டு கிண்ணங்களில் ஒன்றில் உணவை ஒளித்துவைத்து, எது என்று மனிதர் விரலால் சுட்டுவார். நாய் சுட்டிய கிண்ணத்துக்குப் போனது, நாய்க்குட்டியும் போனது, ஓநாயும் மனிதனுக்கு நெருங்கிய உறவான சிம்பன்சியும் தடுமாறின. அடுத்த ஆண்டில் ஹங்கேரியின் ஆடம் மிக்லோசி இன்னொன்றைக் காட்டினார். எவ்வளவு முயன்றும் இரை கிடைக்காதபோது மனிதர் வளர்த்த ஓநாய் முயன்றுகொண்டே இருந்தது. நாயோ சிறிது முயன்றுவிட்டு மனிதரின் முகத்தைத் திரும்பிப் பார்த்தது. கிடாவிருந்து நாயின் பார்வையும் இதே பார்வைதான்.

இந்த மாற்றம் வந்த வழிக்கு மிகத் தெளிவான சான்று நாயிடமிருந்து வரவில்லை, நரியிடமிருந்து வந்தது. 1959இல் ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்கில் திமித்ரி பெல்யாயெவ் வெள்ளிநரிகளைத் தலைமுறைதோறும் ஒரே அளவுகோலில் தேர்ந்தெடுக்கத் தொடங்கினார்: மனிதக் கையைக் கண்டு எது குறைவாக மிரள்கிறது, எது குறைவாகச் சீறுகிறது என்பதே அது. சில தலைமுறைகளிலேயே வாலாட்டும், கையை நக்கும், ஆள் போனால் சிணுங்கும் நரிகள் பிறந்தன. அந்த நரிகளின் மூதாதையர் கனடாவின் ரோமப் பண்ணைகளில் ஏற்கெனவே வளர்க்கப்பட்டவை என்பது பின்னால் கவனத்துக்கு வந்து, கதையின் வேகத்தைச் சற்றுக் குறைத்தது. ஆனாலும் 2005இல் ஹேர் சோதித்தபோது, விரல் சுட்டுவதைப் புரிந்துகொள்வதற்காக யாரும் தேர்ந்தெடுக்காத அந்த நரிக்குட்டிகள் நாய்க்குட்டிகளுக்கு நிகராக அதைப் புரிந்துகொண்டன. அறிவை யாரும் புதிதாக ஊட்டவில்லை; அச்சம் விலகியதும் இருந்த அறிவு மனிதன் பக்கம் திரும்பியது.

இந்த முடிவைக் கேள்வியின்றி ஏற்காதவர்களும் உண்டு. மோனிக் உடெல், கிளைவ் வின் ஆகியோர் 2008இல், மனிதரிடம் நன்றாகப் பழகிய ஓநாய்களும் விரல் சுட்டுவதைப் பின்பற்றும் என்று காட்டி, பிறவியைவிட வளர்ப்பே முக்கியம் என்றார்கள். 2013இல் ஜிம்பாப்வேயில் பழக்கப்பட்ட ஆப்பிரிக்க யானைகள் பயிற்சியின்றியே மனிதச் சுட்டலைப் புரிந்துகொண்டதும், ‘வீட்டு விலங்காக்கியதால் வந்த திறமை’ என்ற பேச்சு கொஞ்சம் அடங்கியது. மேற்கத்திய ஆய்வுக்கூடங்களுக்கு வந்த நாய்கள் பெரும்பாலும் வீட்டுச் செல்லங்கள் என்பது இன்னொரு குறை. அந்தக் குறையைப் போக்கியது இந்தியத் தெருதான். கொல்கத்தா ஐசர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு பயிற்சியே இல்லாத தெருநாய்களைச் சோதித்தது. ஏறக்குறைய பாதி நாய்கள் கிட்டவே வரவில்லை. வந்தவற்றில் பெரும்பாலானவை சுட்டிய கிண்ணத்தைத் தேர்ந்தன. அதே குழுவின் 2017ஆம் ஆண்டு ஆய்வில், அறிமுகமில்லாத மனிதரிடம் தெருநாய்க்கு நம்பிக்கை வளரச் சாப்பாட்டைவிடத் தடவிக்கொடுத்ததே அதிகம் உதவியது. நாயின் நன்றி வெறும் சோற்றுக் கணக்கு என்பவர்களுக்கு இது சங்கடமான தகவல்.

நாய் இழந்ததும் உண்டு. ஆஸ்திரியாவின் ஓநாய் அறிவியல் மையத்தில் இரண்டு விலங்குகள் ஒரே நேரத்தில் கயிற்றை இழுத்தால்தான் தட்டு நகரும் என்று ஒரு சோதனை வைத்தார்கள். ஓநாய்கள் பலமுறை சேர்ந்து இழுத்து வென்றன, நாய்கள் அநேகமாகத் தோற்றன. தன் இனத்தோடு கூடி வேலை செய்யும் திறனில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்துத்தான் நாய் மனிதனிடம் வந்திருக்கிறது. கல்லாறு, சிறுமுகைக் காடுகளில் திரியும் செந்நாய் அப்படி எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. சீழ்க்கை போன்ற குரலில் ஒன்றையொன்று அழைத்து, கூட்டமாகக் கடமானை மடக்கி, அடித்த இரையில் குட்டிகளை முதலில் தின்னவிடும் விலங்கு அது. கூட்டுணர்வில் அது நாய்க்குக் குறைந்ததல்ல. அந்த உணர்வு மனிதன் பக்கம் திரும்பவில்லை, அவ்வளவே.

திரும்புவதற்கும் பிறவி மட்டும் போதாது. 1961இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பதினான்கு வாரம் வரை மனிதரைக் காணாமல் வளர்ந்த நாய்க்குட்டிகள் பிறகு மனிதரோடு இயல்பாக ஒட்டவில்லை. மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்காவது வாரம் வரை குட்டியின் மனம் எதைத் தொட்டுப் பழகுகிறதோ அதுவே அதற்கு உறவு. பரம்பரை தருவது சார்வதற்கான ஆயத்தத்தை. எதைச் சார்வது என்பதை அந்தச் சில வாரங்கள் முடிவு செய்கின்றன.

பூனையின் வழி வேறு. அதன் முன்னோரான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை தனித்து வேட்டையாடுவது. அண்டிப் பிழைக்கக் கூட்டமும் இல்லை, தலைமையும் இல்லை. மேற்கு ஆசியாவில் விவசாயம் தொடங்கி, தானியக் குவியலுக்கு எலி வர, எலிக்குப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் மனிதரோடு புதைக்கப்பட்ட பூனை ஏறக்குறைய 9,500 ஆண்டுகள் பழையது. வேலைக்காக மனிதன் அதை இனம் பிரித்து வளர்க்கவில்லை. எலி பிடிக்கும் வேலை பூனைக்கு முன்பே தெரியும். ஆகவே மாற்றமும் குறைவு. மிக்லோசியின் 2005ஆம் ஆண்டுச் சோதனையில் பூனைகள் விரல் சுட்டுவதை நாய்களைப் போலவே பின்பற்றின. ஆனால் இரை கிடைக்காதபோது மனித முகத்தைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் அவற்றிடம் மிகக் குறைவாகவே இருந்தது. மேட்டுப்பாளையம் மண்டியில் மூட்டை அடுக்கின் மேல் படுத்திருக்கும் பூனையைப் பழகியவர் கூப்பிட்டால் அது எழுந்து வராது. ஒரு காது மட்டும் அவர் பக்கம் திரும்பும். ஜப்பானில் அட்சுகோ சைட்டோ 2013இல் ஆய்வுக்கூட முறையில் கண்டதும் இதுதான். வளர்ப்பவர் குரலைப் பூனை தெளிவாக இனம் காண்கிறது, காதையும் தலையையும் அசைக்கிறது, ஆனால் கிளம்பி வருவதில்லை. இதை நன்றிகெட்டதனம் என்பது வழக்கம். ஆனால் 2019இல் கிறிஸ்டின் விட்டாலே நடத்திய ஆய்வில் பூனைக்குட்டிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, தாயிடம் குழந்தைக்குள்ள பற்றைப் போன்ற உறுதியான பற்றைத் தம்மை வளர்ப்பவரிடம் காட்டின. பற்று இருக்கிறது, அதைக் காட்டிக்கொள்ளும் கட்டாயம் அதன் வரலாற்றில் ஏற்படவில்லை.

பூனையை வைணவம் கவனித்த விதம் தனி. இராமாநுசருக்குப் பின் சரணாகதியைப் பற்றி எழுந்த விவாதத்தில், வடகலையார் குரங்குக்குட்டியை எடுத்துக்காட்டினார்கள்: தாயை அது இறுகப் பற்றிக்கொள்கிறது, ஆகவே சீவனின் முயற்சியும் வேண்டும். தென்கலையார் பூனைக்குட்டியைக் காட்டினார்கள்: தாய் கவ்வித் தூக்க, குட்டி ஒன்றும் செய்யாமல் தொங்குகிறது. வேதாந்த தேசிகர், பிள்ளை லோகாசாரியர் பெயர்களோடு பேசப்படும் இந்த வழக்கு காரமடை அரங்கநாதர் சன்னதி வரை எங்கும் தெரிந்ததுதான். பூனைக்குட்டியின் பிடரியைக் கவ்வியதும் உடல் தளர்ந்து அசைவற்றுப்போவது உண்மையில் ஒரு பிறவி அனிச்சை. அந்தச் சரணாகதியில் குட்டியின் தீர்மானம் எதுவும் இல்லை. தென்கலை வாதத்துக்கு அதனால் பங்கமில்லை. தீர்மானம் இல்லாமையே அவர்கள் சொல்லவந்தது. பற்றுதல் தானாகத் தேர்ந்துகொண்டதாக இருந்தால்தான் மெய்யானது என்ற எண்ணத்தை அவர்கள் ஏற்கவில்லை.

அந்த எண்ணம்தான் நாயின் நன்றியைச் சந்தேகிப்பவர்களின் அடித்தளம். அவர்கள் கையில் வலுவான ஆதாரங்கள் இருக்கின்றன. 2019இல் ஜூலியன் காமின்ஸ்கியும் அவரோடு ஆய்ந்தவர்களும், புருவத்தின் உட்பகுதியை மேலே தூக்கும் தசை ஓநாயைவிட நாயிடம் நன்கு வளர்ந்திருப்பதைக் காட்டினார்கள். கண்ணைப் பெரிதாக்கிக் குழந்தை முகம் காட்டும் தசை அது. 2015இல் மிஹோ நகசாவாவின் ஆய்வில், நாயும் வளர்ப்பவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது இருவர் உடலிலும் ஆக்சிடோசின் கூடியது. தாய்க்கும் சிசுவுக்கும் இடையே வேலை செய்யும் அதே சுரப்பு. ஆக, மனிதனின் தாய்மை உணர்வைத் தட்டிச் சோறு வாங்கும் கருவிதான் நாயின் அன்பு என்கிறார்கள். இந்த வாதம் தன் காலையே வெட்டிக்கொள்கிறது. அதே சுரப்பும் அதே இயற்கைத் தேர்வும்தான் தாயின் அன்பையும் உண்டாக்கின. அதை யாரும் போலி என்பதில்லை. ஓர் உணர்வு எப்படி வந்தது என்பது, அது இருக்கிறதா இல்லையா என்பதைத் தீர்மானிக்காது.

இவ்விடத்தில் சைவ சித்தாந்தம் கூர்மையான ஒரு கருத்தைத் தருகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் வகுத்த நெறியில், உயிர் எதைச் சார்கிறதோ அதன் தன்மையாக நிற்பது. படிகம் பக்கத்திலிருக்கும் நிறத்தைக் காட்டுவதுபோல், உயிரைப் பிணிக்கும் மலத்தைச் சார்ந்தால் மலமாகவும் சிவத்தைச் சார்ந்தால் சிவமாகவும் அது விளங்கும். சார்பில்லாமல் தனித்து நிற்கும் தூய சுயகுணம் என்று உயிருக்கு எதுவும் இல்லை. நாயுடல் எடுத்த உயிரும் மனிதவுடல் எடுத்த உயிரும் இதில் ஒன்றுதான். உடலும் கருவிகளுமே வேறு. இப்படிப் பார்த்தால், மனிதனைச் சார்ந்து உருவானதால் நாயின் நன்றி நாயுடையது அல்ல என்ற வாதம் விழுந்துவிடுகிறது. சார்ந்து உருவாவதே உயிரின் இயல்பு என்றால், சார்ந்து உருவான குணமே அதன் சொந்தக் குணம். மாணிக்கவாசகர் இறைவன் முன் தன்னை நாயாகச் சொல்லிக்கொண்டது பணிவுக்காக மட்டும் இருக்க முடியாது. முகம் பார்த்து நிற்கும் வாழ்வு என்ற பொருளும் அதில் இருக்கிறது. தீட்டு என்று வீட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்ட விலங்கு, அவிநாசி முதலான தலங்களில் பைரவர் சன்னதியில் வாகனமாக நிற்பதும் இந்த மரபில்தான்.

ஆனால் நாலடியாரின் நாய் இங்கே ஒரு சிக்கலை உண்டாக்குகிறது. வேல் எறிந்தவனிடமே வாலாட்டுவதைப் பாட்டு நட்பின் உச்சமாகக் காண்கிறது. வேறு கண்ணுக்கு அது, விட்டு விலகும் வழியைப் பிறவியிலேயே இழந்த உயிரின் நிலை. தேக்கம்பட்டி முகாமில் 2021இல் ஒரு யானையைப் பாகர்கள் அடித்த காணொளி வெளியாகிக் கைது வரை போனது. பாட்டு சொல்வதுபோல் அந்த யானைக்குத் திருப்பித் தாக்கும் வாய்ப்பாவது உண்டு. நாயிடம் அந்த வாய்ப்பு பெரும்பாலும் பறிபோய்விட்டது. ஆகவே புகழ வேண்டுமா என்ற கேள்வியைவிட, கடமை உண்டா என்ற கேள்வி பெரிது. கான்ட் தம் விரிவுரைகளில் கிழட்டு நாயின் உதாரணத்தையே எடுத்து, அதைச் சுட்டுக் கொல்பவன் நாய்க்குச் செய்யவேண்டிய கடமையில் தவறவில்லை, தன் மனிதத்தன்மையைத்தான் கெடுத்துக்கொள்கிறான் என்றார். மகாபாரதத்தின் மகாபிரஸ்தான பருவம் இன்னும் நேராகப் பேசுகிறது. நாயை விட்டுவிட்டுத் தேரேறச் சொன்ன இந்திரனிடம் தருமன் மறுத்ததற்குக் காரணம் நாயின் அறிவோ வீரமோ அல்ல. தன்னை அண்டி வந்ததைக் கைவிடக் கூடாது என்பதே. அண்டி வாழும்படி ஆக்கியவனுக்கு இந்த நியாயம் இரட்டிப்பாகப் பொருந்தும்.

கொங்கு நாட்டில் இந்தக் கடமையின் மறுபக்கமும் தெரிகிறது. காங்கேயம், தாராபுரம் பக்கம் கிளுவை வேலியிட்ட கொரங்காட்டில் ஆடுகளை ஆளில்லாமலே மேயவிடுவது வழக்கம். அண்மை ஆண்டுகளில் தெருநாய்க் கூட்டங்கள் வேலிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்ல, விவசாயிகள் செத்த ஆடுகளோடு சாலைக்கு வந்து இழப்பீடு கேட்டுப் போராடினார்கள். கோழிக்கடைக் கழிவைக் கண்ட இடத்தில் கொட்டுவதுதான் கூட்டம் பெருகக் காரணம் என்பது அவர்கள் பேச்சு. பட்டியைக் காத்ததற்காக எடுத்தனூரில் கல் பெற்றதும் இதே இனம்தான். குப்பைமேட்டில் பிறந்து மனிதக் கை படாமல் அந்த முதல் வாரங்களைக் கடந்த குட்டிக்கு மனிதனும் அவன் ஆடும் உறவல்ல. ஐசர் குழு 364 தெருக்குட்டிகளைப் பின்தொடர்ந்ததில் ஏழு மாதம் வரை பிழைத்தவை 19 விழுக்காடு. சாவுகளில் பாதிக்கு மேல் மனிதரால் வந்தவை. எந்தக் குட்டி வாழ்வது என்பதை இன்றும் தெருதான் தேர்ந்தெடுக்கிறது.

2025 ஆகஸ்ட் 22இல் உச்ச நீதிமன்றம், பிடித்த தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விட வேண்டும், வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடக் கூடாது என்று உத்தரவிட்டது. கருத்தடை அவசியமானது, மாற்று வழிகள் இதைவிடக் கொடியவை. ஆனால் பூனைகளைப் பற்றி ஜான் பிராட்ஷா எழுப்பிய கவலை இங்கும் பொருந்தும். வீட்டோடு ஒட்டிய சாதுவான பூனைகளுக்கெல்லாம் குட்டி போடும் முன்பே கருத்தடை செய்துவிட்டால், அடுத்த தலைமுறையைப் பெறுவது மனிதரிடம் ஒட்டாத பூனைகளாகவே இருக்கும் என்றார் அவர். நாய் பிடிக்கும் வண்டி வந்ததும், கூப்பிட்ட குரலுக்கு வாலாட்டி வரும் நாய்தான் முதலில் அகப்படுகிறது. எட்டி நின்று உறுமுவது தப்பி ஓடிப் புதருக்குள் குட்டி போடுகிறது.